தள்ளப்படும் மூலம்

உயர்தர வகுப்பிலே பிரயோக கணிதம் கற்ற எவரும் ஒரு வசனத்தை மறந்திரார். எறியங்கள் பற்றிய கணக்கொன்றில் இருபடிச் சமன்பாடு தோன்றும். அதனைத் தீர்த்தால் இரண்டு மூலங்கள் வரும். ஒன்று நேர், மற்றையது மறை. உடனே மாணவன் “நேரம் மறையாகாது; ஆகவே இம்மூலம் தள்ளப்படும்” என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்வான். ஆசிரியரும் சரியிட்டுப் புள்ளி வழங்குவார். ஆண்டாண்டு தோறும், பாடசாலை பாடசாலையாக எழுதப்பட்டுவரும் இவ்வசனம் பிழையானது. விடையில் பிழையில்லை, விடைக்குக் கூறப்படும் காரணமே பிழை. காரணம் பிழையாக இருந்தும் விடை சரியாக வந்துவிடுவதால் அப்பிழையை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. கணித வகுப்புக்குள் மட்டும் அடங்கிவிடும் அற்ப விஷயமாக இதனை நாம் கருதவில்லை.

எளிய கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். கணிதத்தைக் கண்டு அஞ்சும் வாசகர்களும் சற்றுப் பொறுமையுடன் உடன்வருவார்களாக. நிலத்திலிருந்து 15 மீற்றர் உயரமான மாடியின் விளிம்பில் நிற்கும் ஒருவன், பந்தொன்றைச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நேரே மேல்நோக்கி எறிகிறான். புவியீர்ப்பினால் உண்டாகும் ஆர்முடுகலை எளிமை கருதி 10 எனக் கொள்வோம். பந்து மேலே சென்று திரும்பி, மாடியையும் கடந்து, நிலத்தை அடைய எவ்வளவு நேரம் செல்லும்? நேரத்தை ‘ந’ எனக் குறித்துச் சுருக்கினால், ந² − 2ந − 3 = 0 என்னும் சமன்பாடு கிடைக்கும். அதன் மூலங்கள் 3, −1 என்பன. மூன்று செக்கனில் பந்து நிலத்தை அடைகிறது. −1 தள்ளப்படுகிறது. ஏன்? நேரம் மறையாகாதாம்.

இக்காரணம் நிற்குமா என்று பார்ப்போம். எறிந்தவனின் நண்பன் ஒருவன் கீழே நிற்கிறான். கையில் நிறுத்தற் கடிகாரம். அவசரக்காரனாகிய அவன், பந்து எறியப்படுவதற்கு ஒரு செக்கன் முன்னதாகவே கடிகாரத்தை இயக்கிவிட்டான். பந்து அதே பந்து. எறிதலும் அதே எறிதல். ஆனால் இவனுடைய கடிகாரத்தின்படி சமன்பாடு ந² − 4ந = 0 என்றாகிறது; மூலங்கள் 0, 4. இப்பொழுது மறையான மூலம் எதுவுமே இல்லை. நமது மாணவன் எதனைத் தள்ளுவான்? பூச்சியம் என்பது மறையன்று. ஆயினும் அந்தக் கணத்திலே பந்து நிலத்தில் இருக்கவில்லை, மாடியில் நின்றவனின் கைக்குள்ளே இருந்தது. தள்ளவேண்டிய மூலம் தள்ளவேண்டிய மூலமாகவே இருக்கிறது. தள்ளுவதற்குச் சொன்ன காரணமோ கடிகாரத்தின் முள்ளைச் சற்று நகர்த்தியதும் மறைந்துவிட்டது. கடிகாரத்தை எப்போது இயக்கினோம் என்பதைப் பொறுத்து மாறும் ஒன்று இயற்கையைப் பற்றிய நியாயமாக இருக்க முடியாது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு என்று நாம் எழுதுகிறோம். நூற்றாண்டு மறையாகாது என்று கூறி அசோகனை எவரும் வரலாற்றிலிருந்து தள்ளிவிடுவதில்லை.

உண்மையான காரணம் வேறு. பந்து கையை விட்ட கணத்திலிருந்து நிலத்தைத் தொடும் கணம் வரையே அது புவியீர்ப்பின் வசத்தில் மாத்திரம் இருந்தது. அந்த இடைக்காலத்துக்கே நமது சமன்பாடு பொருந்தும். சமன்பாட்டுக்குக் கையும் தெரியாது, நிலமும் தெரியாது. நான்காவது செக்கனில் பந்து எங்கே என்று கேட்டால், நிலத்துக்குக் கீழே 25 மீற்றர் ஆழத்தில் என்று தயக்கமின்றி விடை கூறும். எல்லை வகுத்தவர்கள் நாம். எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்பதை உலகத்தைப் பார்த்தே நாம் அறிகிறோம். மூலத்தின் முன்னால் நிற்கும் குறியைப் பார்த்து அன்று. ஆகவே மாணவன் எழுதவேண்டிய வசனம், “அந்தக் கணத்திலே பந்து இன்னும் எறியப்படவில்லை” என்பதாகும். சிறிய மாற்றந்தான். முதல் வசனம் எண்ணொன்றின் மேல் பழியைப் போடுகிறது. இரண்டாவது வசனம் எறிந்தவன் ஒருவன் இருந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறது.

தள்ளப்பட்ட அந்த −1 வெறும் குப்பையா? அன்று. ஒரு செக்கனுக்கு முன்னர், நிலத்திலிருந்து ஒருவன் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திலே பந்தொன்றை மேலே எறிந்திருப்பானாயின், அது மாடி விளிம்பைக் கடக்கும் கணத்தில் சரியாகச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்துடன் மேலே சென்றுகொண்டிருக்கும். அதற்குப் பின்னர் அப்பந்தின் பயணமும் மாடியிலிருந்து எறியப்பட்ட பந்தின் பயணமும் அணுவளவும் வேறுபடா. மறை மூலம் கூறுவது இதுவே: இப்பயணம் நிலத்திலிருந்து தொடங்கியிருக்குமாயின், இன்ன கணத்திலே தொடங்கியிருக்கும். இன்னும் ஒன்று. அதே மாடியிலிருந்து அதே வேகத்தில் பந்தைக் கீழ்நோக்கி எறிந்தால், சமன்பாடு ந² + 2ந − 3 = 0 ஆகும்; மூலங்கள் 1, −3. முந்திய கணக்கிலே தள்ளப்பட்ட ஒன்று இங்கே விடையாக நிற்கிறது. அங்கே விடையாயிருந்த மூன்று இங்கே தள்ளப்படுகிறது. ஒருவன் வேண்டாமென்று ஒதுக்கியது அயலவன் கேட்ட கேள்விக்கு விடையாக இருந்தது.

தமிழிலே நாம் வாய்ப்பாக ‘மூலம்’ என்னும் சொல்லை வழங்குகிறோம். சமன்பாட்டின் தீர்வும் மூலம். ஒன்று தோன்றிய இடமும் மூலம். கலைச்சொல் ஆக்கியோர் இதனை எண்ணியிருப்பார்களோ அறியோம். ஆனால் மறை மூலத்தைப் பொறுத்தவரை இரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

மறை விடையைத் தள்ளும் வழக்கம் பழையது. அதன் வரலாறும் சுவையானது. 628ஆம் ஆண்டிலே பிரமகுப்தர் நேர் எண்களைச் செல்வமென்றும் மறை எண்களைக் கடனென்றும் கொண்டு, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். கடன்பட்டவர் எவரும் மறை எண் பொய்யென்று கூறமாட்டார். அவருக்குப் பின் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1150 அளவில் பாஸ்கரர் இயற்றிய பீஜகணிதத்திலே குரங்குக் கணக்குகள் இரண்டு உள்ளன. ஒரு கூட்டத்தின் எட்டிலொரு பங்கின் வர்க்கம் சோலையிலே துள்ளி விளையாடுகிறது, மிகுதி 12 குரங்குகள் குன்றின் மேல் இருக்கின்றன, கூட்டம் எவ்வளவு? 48 என்பது ஒரு விடை, 16 என்பது மற்றையது. இரண்டையும் பாஸ்கரர் ஏற்றுக்கொள்கிறார். மற்றக் கணக்கிலே, கூட்டத்தின் ஐந்திலொரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கித்தால் வரும் தொகையினர் குகைக்குள் புகுந்தனர். ஒரு குரங்கு மட்டும் கிளையில் தெரிகிறது. விடைகள் 50, 5. இங்கே இரண்டு மூலங்களும் நேர் எண்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆயினும் பாஸ்கரர் ஐந்தைத் தள்ளுகிறார். ஐந்தின் ஐந்திலொரு பங்கு ஒன்று. ஒன்றிலிருந்து மூன்று குரங்குகளைக் கழிக்க முடியாது. அத்தகைய மறைத் தொகையை உலகத்தார் ஒப்பமாட்டார் என்பது அவர் கூறும் காரணம். அவர் குறியைப் பார்க்கவில்லை, குரங்குகளைப் பார்த்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் நமது வினாத்தாள் திருத்துவோரைக் காட்டிலும் கூர்மையாக நடந்துகொண்டார் என்று சொன்னால், திருத்துவோர் கோபிக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

ஐரோப்பாவிலே 1637ஆம் ஆண்டில் டேக்கார்ட் மறை மூலங்களைப் பொய் மூலங்கள் என்றே அழைத்தார். அவர் அவற்றை எறிந்துவிடவில்லை. எத்தனை பொய் மூலங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு விதியும் தந்தார். பொய்யென்று பெயர் சூட்டிவிட்டு அவற்றுக்குக் கணக்கும் வைத்திருந்த இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

தள்ளப்பட்ட மூலங்கள் யாவும் மாணிக்கங்கள் என்று நாம் வாதிட வரவில்லை. நீளம் அகலத்திலும் 5 யார் கூடிய காணியொன்றின் பரப்பைக் கொடுத்து அகலத்தைக் கேட்கும் கணக்கிலே மறை விடை வந்தால், அதற்கு ஆழ்ந்த பொருள் தேடுவது வீண். வேலி போடுபவன் மறை யார் அகலத்துக்கு வேலி போடமாட்டான். கணிதத்தில் வரும் ஒவ்வொரு விந்தைக்குப் பின்னாலும் ஆன்மீக இரகசியம் இருப்பதாகக் கருதும் ஒரு சாரார் நம் மத்தியில் உளர்; எறிதலுக்கு முந்திய கணத்தைச் சுட்டும் மூலத்திலே அவர்கள் முற்பிறவிக்குச் சான்று கண்டாலும் நாம் வியப்படைய மாட்டோம். நாம் கேட்பது அதுவன்று. தள்ளுபவன் காரணத்தோடு தள்ளவேண்டும். அக்காரணம் உலகத்திலிருந்து வரவேண்டும் என்பதே நமது வாதம். 1928இல் டிறாக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இலத்திரனுக்கு எழுதிய சமன்பாடு, சக்தி மறையாயுள்ள தீர்வுகளையும் தந்தது. வழக்கப்படி அவற்றைத் தள்ளிவிடுவதற்குத் தகுந்த காரணம் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அவற்றோடு போராடி, 1931இல், இலத்திரனின் திணிவும் எதிரான ஏற்றமும் கொண்ட துணிக்கை ஒன்று இருக்கவேண்டும் என்று அவர் எழுதினார். மறு ஆண்டு அமெரிக்காவிலே கார்ள் அண்டர்சன் அதன் தடத்தைப் படம் பிடித்தார். காரணமில்லாமல் தள்ள மறுத்தமையின் விளைவு அது.

மூலமே இல்லாத இடத்திலும் சமன்பாடு ஏதோ ஒன்றைக் கூறிவிடுகிறது. நமது பந்து நிலத்திலிருந்து 20 மீற்றர் உயரம் வரையே செல்லும். 25 மீற்றரை எப்போது அடையும் என்று வற்புறுத்திக் கேட்டால், சிக்கலெண்கள் இரண்டு விடையாக வரும். அவற்றின் மெய்ப்பகுதி 1. அஃதாவது பந்து உச்சியில் நிற்கும் கணம். கற்பனைப் பகுதியின் அளவும் 1. அதன் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கினால், எட்டாமற் போன 5 மீற்றர் கிடைக்கிறது. எட்டவில்லை என்று மாத்திரம் சொல்லி நிறுத்தாமல், எப்போது மிக அருகில் வந்தது, எவ்வளவு குறைந்தது என்பவற்றையும் அது கூறுகிறது. கேட்கத் தெரிந்தவனுக்கே கேட்கும்.

நிற்க. இதுவரை எறிந்தவனையும் பந்தையும் பற்றியே பேசினோம். எறியங்கள் பற்றிய இக்கணிதம் பந்து விளையாட்டிலிருந்து பிறந்ததன்று, பீரங்கியிலிருந்து பிறந்தது. 1531ஆம் ஆண்டிலே இத்தாலியின் வெரோனா நகரில், பீரங்கியை எந்தச் சாய்வில் வைத்தால் குண்டு மிகத் தொலைவில் விழும் என்று பீரங்கிக்காரன் ஒருவன் நிக்கொலோ தார்த்தாலியா என்னும் கணித ஆசிரியரிடம் வினவினான். 45 பாகை என்று அவர் விடை கூறினார். இந்தத் தார்த்தாலியா யார்? 1512இல் பிரெஞ்சுப் படைகள் பிரேஷியா நகரைச் சூறையாடியபோது, தேவாலயத்துள் அடைக்கலம் புகுந்திருந்த ஏழைச் சிறுவன். அங்கே படைவீரன் ஒருவனின் வாள் அவன் தாடையையும் அண்ணத்தையும் பிளந்தது. வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாமையால் தாயே காயத்தைப் பேணிக் காப்பாற்றினாள். பேச்சுத் திக்கியதனால் ‘திக்குவாயன்’ எனப் பொருள்படும் தார்த்தாலியா என்னும் பெயர் அவனுக்கு நிலைத்தது. போரின் வாள் முகத்தில் எழுதிய ஒருவனே போரின் கணிதத்தை எழுத நேர்ந்தது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

1537இல் அவர் வெளியிட்ட ‘புதிய விஞ்ஞானம்’ என்னும் நூலின் சமர்ப்பணவுரையில் தம் மனப்போராட்டத்தைக் கூறியுள்ளார். மனிதரை அழிக்கும் கலையைச் செம்மைப்படுத்துவது பழிக்கத்தக்கதென்று உணர்ந்து, எழுதியவற்றை அழித்துவிட்டாராம். பின்னர் துருக்கியப் படையெடுப்பு அச்சுறுத்தியபோது, ஓநாய் மந்தையை நெருங்குகையில் அறிந்ததை மறைத்து வைத்தல் தகாதெனக் கருதி மீண்டும் எழுதினாராம். அவருடைய வெட்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் எழுதியதை அழித்ததற்குக் காரணம் சமன்பாட்டில் இல்லை. மீண்டும் எழுதியதற்கும் இல்லை. குண்டு யார் மேல் விழும் என்பதைப் பற்றிய அவருடைய எண்ணம் மாறிற்று, அவ்வளவே. குண்டின் பாதையைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை பிழையானது என்பதையும் சொல்லவேண்டும். அது பரவளைவு என்பதை 1638இல் வெளிவந்த நூலிலே கலிலியோ நிறுவினார். 45 பாகைக்கு மேலும் கீழும் சமமாக விலகிய இரு கோணங்களில் எறிந்தால் இரண்டும் ஒரே தொலைவில் விழும் என்றும் அவர் காட்டினார். இதுவும் ஓர் இருபடிச் சமன்பாடே.

செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்திலே குண்டு புறப்படுவதாகவும் இலக்கு 500 மீற்றரில் இருப்பதாகவும் கொள்வோம். கோணத்தின் தாஞ்சனுக்கு வரும் மூலங்கள் இரண்டும் நேர் எண்கள். கோணங்கள் 15 பாகை, 75 பாகை. வகுப்பறை வசனம் இங்கே வாயடைத்துப் போகிறது, ஏனெனில் தள்ளுவதற்குக் குறி எதுவும் இல்லை. தாழ்ந்த பாதையில் குண்டு 34 மீற்றர் உயரத்துக்கு மேல் எழாமல் 5 செக்கனில் விழுகிறது. உயர்ந்த பாதையில் 466 மீற்றர் உயரம் ஏறி 19 செக்கன் கழித்து விழுகிறது. முதலாவது மதிலால் மறிக்கப்படலாம். இரண்டாவது மதிலுக்கு மேலாக வந்து, மதிலை நம்பி அதன் பின்னால் ஒதுங்கியவர் மேல் செங்குத்தாக இறங்கும். மோட்டார் என்னும் ஆயுதம் இந்த இரண்டாவது மூலத்துக்காகவே செய்யப்பட்டது. காற்றின் தடையைக் கணக்கிற் சேர்த்தால் எண்கள் மாறும். 1742இலேயே பெஞ்சமின் றொபின்ஸ் என்பவர், பரவளைவுக் கணக்கின்படி 17 மைல் செல்லவேண்டிய துப்பாக்கிக் குண்டு உண்மையில் அதில் ஒரு சிறு பங்கையும் எட்டுவதில்லை என்று காட்டினார். எனினும் தாழ்ந்த வழி, உயர்ந்த வழி என்னும் இரண்டும் காற்றிலும் உண்டு.

19 செக்கன் என்பதைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று. சமன்பாட்டிலே இலக்கு ஓர் எண், அது அசைவதில்லை. 19 செக்கனில் ஒரு பெண் அடுப்படியிலிருந்து கிணற்றடிக்கு வந்துவிடுவாள். சுடுபவன் குறிவைத்த முற்றம் வெறுமையாயிருந்திருக்கலாம்; குண்டு இறங்கும் முற்றம் வெறுமையாக இராது. இரண்டு மூலங்களுள் எதனைத் தேர்வது என்பதற்குக் கணிதம் விடை கூறாது, தேர்ந்தவன் கூறவேண்டும். “கணக்கு அப்படி வந்தது” என்று அவன் சொல்வானாயின், அது பொய். கணக்கு இரண்டாக வந்தது.

சுடுபவன் எப்போதும் நேர் மூலத்தையே தேடுகிறான்: எங்கே விழும்? விழுந்த இடத்தில் எஞ்சியிருப்பவர்கள் தேடுவதோ மற்றையதை: எங்கிருந்து வந்தது? எறிகணைகளைக் கண்காணிக்கும் ராடார் கருவி அதன் பாதையிலே ஒரு துண்டை மட்டும் கண்டு, இரு திசையிலும் கணக்கை நீட்டுகிறது. கண்ட கணத்தைப் பூச்சியமாகக் கொண்டால், விழும் இடத்தைத் தருவது நேர் மூலம். புறப்பட்ட இடத்தைத் தருவது நமது மாணவர் தள்ளிவிடும் அதே மறை மூலம். இதைக் கொண்டு உடனே நீதி கிடைத்துவிடும் என்று எவரும் மகிழவேண்டாம். இக்கருவியைச் செய்தவர்கள் படையினர். புறப்பட்ட இடத்தை அறிந்த சில நிமிடங்களில் அவ்விடத்துக்குப் பதில் குண்டு அனுப்புவதே அவர்களுடைய நோக்கம். அதற்குள் சுட்டவன் நகர்ந்திருப்பான். அயலில் குடியிருப்பவர்கள் நகர்ந்திரார்.

ஆயினும் அதே கேள்வியை நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. 1994ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள், பொஸ்னியாவின் சரயேவோ நகரத்திலே, மார்க்கலே என்னும் சந்தையில் 120 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணை ஒன்று விழுந்தது. 60 பேருக்கு மேல் மாண்டனர். 140 பேருக்கு மேல் காயமுற்றனர். முற்றுகையிட்டிருந்த பொஸ்னிய சேர்பியப் படையும் நகரைக் காத்து நின்ற பொஸ்னிய அரசுத் தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. நிலத்திற் பதிந்த குழியின் வடிவத்திலிருந்து குண்டு வந்த திசையை ஓரளவு துணியலாம். ஆனால் அத்திசையிலே கோடு ஒன்றைக் கீறினால், அது முதலில் ஒரு தரப்பின் நிலத்தையும் அப்பால் மற்றத் தரப்பின் நிலத்தையும் கடந்து சென்றது. கோட்டின் மேல் எந்த இடம்? அதற்கு இறங்கிய கோணமும் வேகமும் தெரியவேண்டும். மோட்டாரில் வெடிமருந்துப் பொதிகளைக் கூட்டியும் குறைத்தும் இடலாம். பொதி மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் தூரம் மாறும். குழி ஒன்று, மூலங்கள் பல. ஐக்கிய நாடுகள் சபையின் படைத்துறை ஆய்வாளர்கள் அவ்வாண்டிலே எந்தத் தரப்பு சுட்டதென்று நிறுவப் போதிய பௌதிகச் சான்று இல்லை என்று முடித்தனர்.

அவர்கள் நிறுத்திய இடத்தில் ஹேக் நகரிலிருந்த, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் நிறுத்தவில்லை. முற்றுகைப் படையின் தளபதி ஸ்தானிஸ்லாவ் கலிச் மீதான வழக்கிலே, குண்டின் வால்துண்டு நிலத்துள் எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது, அந்த ஆழத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு எத்தனை பொதி வேண்டும் என்பன ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. குண்டு புறப்பட்ட ஓசையைக் கேட்டவர்களின் சாட்சியமும் எடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில், குண்டு முற்றுகைப் படையின் பிரதேசத்திலிருந்தே வந்தது என்று நீதிபதிகளின் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. 2006இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. 20 ஆண்டுச் சிறை ஆயுட்சிறையாயிற்று. மூவருள் ஒரு நீதிபதி மாறுபட்டார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஒருசில மூலங்களைத் தள்ளி ஒன்றைக் கொள்வதற்கு அந்நீதிபதிகள் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதினார்கள்; மாறுபட்டவரும் காரணம் எழுதினார். காரணங்கள் எழுத்தில் இருந்தமையால், யார் எங்கே எதை ஏற்றார், எதை மறுத்தார் என்று இன்றும் எவரும் வாசித்து வாதிடலாம்.

நமது நாட்டு வாசகருக்கு இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் அல்ல. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த மக்கள், பாடசாலைக்கே போகாதவர்களும் கூட, எறிகணை புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையிலுள்ள நேரத்தை விரல்விட்டு எண்ணப் பழகியிருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியிலே விழுந்த எறிகணைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011இல் அறிக்கை வெளியிட்டது. இரு தரப்பினர் மீதும் அது பாரதூரமான குற்றச்சாட்டுக்களைப் பதிவு செய்தது. ஆனால் மார்க்கலேயில் ஒரு குழிக்கு நடந்ததைப் போல, இன்ன குழி, இன்ன திசை, இன்ன ஆழம் என்று நீதிமன்றமொன்று அமர்ந்து ஆராய்ந்து தீர்ப்பெழுதிய நிகழ்ச்சி வன்னி நிலத்திலே இல்லை. “பழையதைக் கிளறுவதால் என்ன பயன்? முன்னோக்கிப் பார்ப்போம்” என்று அறிவுரை கூறுவோருக்குக் குறைவில்லை. நேரம் மறையாகாது என்று எழுதும் மாணவனுக்காவது, தான் என்ன தள்ளுகிறான் என்பது தெரியாது.

இனி வகுப்பறைக்கு ஒரு வார்த்தை. நமது பாடநூல்களில் எறியங்கள் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினால், அநேகமான பயிற்சிகள் எப்போது விழும், எங்கே விழும், எவ்வளவு உயரும் என்றே கேட்கின்றன. எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பயிற்சி அரிது. அதனை இயற்றுவது கடினமன்று. சுவரொன்றில் 15 மீற்றர் உயரத்திலுள்ள யன்னலைக் கடந்து, செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் பந்தொன்று மேலே செல்வதை உள்ளே இருப்பவன் காண்கிறான். அது எப்போது நிலத்தை அடையும் என்பது முதற் பகுதி. அது நிலத்திலிருந்து எறியப்பட்டதாயின் எப்போது, எந்த வேகத்தில் எறியப்பட்டது என்பது இரண்டாம் பகுதி. எதிர்மாடியிலிருந்து எவரேனும் எறிந்திருக்கக் கூடுமா, அவ்வாறாயின் அதனை எவ்வாறு அறிவது என்பது மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதிக்குச் சமன்பாடு போதாது. கீழே நின்றவர்களை அழைத்து விசாரிக்கவேண்டும். அதற்கும் புள்ளி ஒதுக்கலாம்.